பிறமொழிக் கல்வியின் குறிக்கோள்: திருவண்ணாமலைச் சான்று

உயர்நிலைப் பள்ளியில் பிறமொழி கற்பிப்பதன் குறிக்கோள் யாது? இதற்கு இரமணர் வரலாறு விடை தருகின்றது. ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை படியெடுக்குமாறு பள்ளி பணித்திருந்தது; மாணவரான அவர் இருமுறையோடு நிறுத்தி, 1896 ஆகஸ்டு 29இல் மதுரை நீங்கினார்; செப்டம்பர் 1இல் திருவண்ணாமலை அடைந்தார். ஆங்குத் தொண்டர் பழனிசாமி தமிழ் நூல்களைப் படிக்க இடர்ப்படுதல் கண்டு, தாமே படித்துப் பொருளுரைத்தார். 1927இல் தமிழில் இயற்றிய உபதேச உந்தியாரை வடமொழி, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் தாமே ஆக்கினார். அம்மொழிகளை அவர் பள்ளியிற் பயின்றிலர். அடியார் கொணர்ந்த நூல்களும் அவர்தம் வினாக்களுமே அவர்க்குப் பாடமாயின. ஒருவர் வரலாறு பொதுவிதி ஆகாது; இலக்கணம் வேண்டாவென்பதும் எம் கருத்தன்று. எனினும், பிறர்க்குப் பொருளுணர்த்தும் ஆற்றலே முதற் குறிக்கோள் என்றும், இலக்கணம் அதற்குத் துணை என்றும் துணிகின்றோம்.