கடல் தாண்டி வந்த போர் – 4: ஆற்றங்கரையில் தவறவிட்ட மாலை

1780 ஆகஸ்ட் மாதம். பரங்கிமலையில் நின்ற கும்பினிச் (கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய்களுக்கு மேற்கே புகை தெரிந்தது. பார்த்த பக்கமெல்லாம் கருத்த புகை எழுந்து நின்றது. எரிந்தவை கோட்டைகள் அல்ல, ஊர்கள். கூரை வீடுகள், வைக்கோல் போர்கள், களத்து நெல்.

ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக இறங்கிய மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் படை ஏறக்குறைய 80,000 பேர் கொண்டது. ஆகஸ்ட் 10-ம் தேதி அவருடைய குதிரைப்படை பரங்கிமலைக்கே வந்துவிட்டது. ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஒன்பது மைல்தான். சுற்றுப்புறத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு பட்டணத்துக்குள் ஓடி வந்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் அரிசிக் கையிருப்பை எண்ணத் தொடங்கினார்கள்.

ஹைதரின் கணக்கு தெளிவானது. சென்னையைப் பீரங்கியால் உடைப்பது கடினம், பட்டினியால் உடைக்கலாம். ஆகவே பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் வரை, கடற்கரையிலிருந்து ஏறத்தாழ முப்பது மைல் உள்நாடு வரை, பட்டணத்தைச் சூழ்ந்த நிலத்தைப் பாழாக்க உத்தரவிட்டார். இன்று சிப்காட் ஆலைகள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் ஆகிய ஊர்களை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். மூன்றுமே அந்த எல்லைக்குள் விழுகின்றன.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகம் எவ்வளவு தொலைவு? ஆனால் இந்த நெருப்புக்கான முதல் பொறி அங்கேதான் விழுந்தது. முந்தைய அத்தியாயங்களில் பார்த்ததை நாலு வரியில் நினைவூட்டிவிடுகிறேன். 1776-ல் பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்திடமிருந்து விடுதலை அறிவித்தன. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அவர்களோடு கைகோத்தது. செய்தி சென்னைக்கு எட்டியதும் கும்பினிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தது. அடுத்த மார்ச்சில் மலபார்க் கரையின் மாஹியையும் எடுத்துக்கொண்டது. மாஹி வழியாகத்தான் ஹைதருக்கு ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. அதைத் தொடாதீர்கள் என்று அவர் எச்சரித்திருந்தார். தொட்டார்கள். அவர் கோபத்தைத் தணிக்கத் தமிழ் தெரிந்த பாதிரியார் ஸ்வார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பினார்கள். தூது பலிக்கவில்லை.

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் பேசும்போது நாம் வாஷிங்டனை நினைக்கிறோம், சரடோகாவை நினைக்கிறோம். அந்தப் போரின் ஒரு முனை தொண்டை மண்டலத்தில் எரிந்தது என்பதை நம் பள்ளிப் பாடம் சொல்வதில்லை. இங்கிலாந்து தன் கப்பலையும் காசையும் ஆளையும் உலகின் இரு கோடிகளுக்குப் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினையில் அமெரிக்கர்களுக்கு ஆதாயம் இருந்தது. நட்டம் இந்த மண்ணுக்கு. சென்னை ராஜதானி அந்த விடுதலைக்குக் கொடுத்த பங்கை யாரும் கேட்டு வாங்கவில்லை, பறித்துக்கொண்டார்கள். இந்தத் தொடரை நான் எழுதுவது அதைச் சொல்லத்தான்.

இனி, இந்த வாரக் கதை.

காஞ்சியா, பரங்கிமலையா?

சென்னைப் படையின் தளபதி சர் ஹெக்டர் மன்றோ. 1764-ல் பக்சாரில் வென்றவர். புதுச்சேரியைப் பிடித்தவரும் அவர்தான். 1780 ஜனவரியில் லார்டு மெக்லியோடு தலைமையில் 73-வது ஹைலேண்டர் ரெஜிமெண்ட் ஸ்காட்லாந்திலிருந்து வந்து இறங்கியிருந்தது. படையை முன்நடத்தும் பொறுப்பு மெக்லியோடுக்குத்தான் போவதாக இருந்தது.

பிரச்சினை ஒன்றுதான். கும்பினிப் படையின் ஒரு பகுதி கர்னல் வில்லியம் பெய்லியின் கீழ் குண்டூரில் இருந்தது. சுமார் 2,800 பேர். அவர்களில் ஐரோப்பியர் ஏறத்தாழ 200. மற்றவர்கள் எல்லாரும் நம் நாட்டுச் சிப்பாய்கள். இந்தப் படையும் சென்னைப் படையும் எங்கே சேர்வது?

பரங்கிமலையிலேயே சேரட்டும் என்றார் மெக்லியோடு. பகைவன் பரவிக் கிடக்கும் நாட்டுக்குள் இரண்டு சிறு படைகள் தனித்தனியாகப் போய்ச் சந்திப்பது ஆபத்து என்பது அவர் வாதம். காஞ்சிபுரத்தில்தான் சேர வேண்டும் என்றார் மன்றோ. மெக்லியோடு அசையாமல் நிற்கவே, மன்றோ தானே படைக்குத் தலைமை ஏற்றுப் புறப்பட்டார். அந்தப் படையில் இளம் கேடட் ஒருவனும் நடந்தான். பெயர் தாமஸ் மன்றோ. தளபதியின் குடும்பப் பெயர்தான் அவனுக்கும். பின்னாளில் சென்னையின் கவர்னராகி, இன்றும் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக நிற்பவர் அவர்தான்.

ஆகஸ்ட் 29-ல் ஐயாயிரம் பேர் காஞ்சி போய்ச் சேர்ந்தார்கள். கையில் சில நாளைக்கான அரிசிதான். மீதியை ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் ஆட்கள் தருவார்கள் என்று நம்பி வந்திருந்தார்கள். அங்கிருந்த நவாபின் பிரதிநிதியோ, தளபதியோடு உடனிருக்க மட்டுமே தனக்கு உத்தரவு, தானியமும் தரமுடியாது, உளவும் சொல்லமுடியாது என்று கைவிரித்தார்.

காஞ்சியைச் சுற்றியிருந்த ஊர்களை ஹைதரின் குதிரைப்படை ஏற்கெனவே துடைத்திருந்தது. இரண்டு பெரிய கோயில் நகரங்கள் இருந்த வட்டாரம் அது: ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் ஒரு பக்கம், வரதராஜர் வீற்றிருக்கும் காஞ்சி மறுபக்கம். இடையில் ஏரிகளின் நீரில் நெல் விளைந்த பூமி. அங்கே ஐயாயிரம் பேருக்கு ஒரு வாரச் சோறு கிடைக்கவில்லை.

இந்த நிலையில் பெய்லி எங்கே?

வற்றிய ஆறு

ஆகஸ்ட் 25-ம் தேதி பெய்லி கொசஸ்தலையாற்றின் வடகரைக்கு வந்துவிட்டார். ஆறு வற்றிக் கிடந்தது. கால் நனைத்து அக்கரை போயிருக்கலாம். படை களைத்திருந்தது, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. நாளைக் காலை கடக்கலாம் என்று வடகரையிலேயே கூடாரம் போட்டார்.

கொசஸ்தலையைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். மேற்கே மழை பெய்தால் அது ஒரே இரவில் இரு கரையும் தொட்டு ஓடும். அன்றிரவும் அப்படித்தான் ஓடியது. காலையில் எழுந்து பார்த்தபோது, வெள்ளம். நாளை வடியும், நாளை வடியும் என்று காத்து ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் படை அக்கரை ஏறியது.

அந்த ஒரு வாரத்தில் ஹைதர் என்ன செய்தார்? ஆர்க்காட்டை அதுவரை முற்றுகையிட்டிருந்தவர், அதை விட்டுவிட்டுத் தன் பெரும்படையோடு காஞ்சிக்கு அருகே வந்து மன்றோவுக்கு எதிரே அமர்ந்தார். மன்றோ நகர்ந்தால் பாய்வதற்குத் தயாராக ஒரு கண் அவர்மேல். இன்னொரு கண் வடக்கே. பெய்லியை வழிமறிக்கத் தன் மகன் திப்புவை அனுப்பினார். திப்புவோடு சுமார் 10,000 பேர்.

பேரம்பாக்கத்துப் பீரங்கிகள்

செப்டம்பர் 6. காஞ்சிக்குப் பதினைந்து மைலுக்குள் இருந்தது பேரம்பாக்கம். அங்கே திப்பு பெய்லியைத் தாக்கினார். சண்டை சில மணி நேரம் நடந்தது. பெய்லி நிலைகுலையவில்லை; திப்புவால் அவரை உடைக்க முடியவில்லை. ஆனால் பெய்லியின் தரப்பில் நூறு பேருக்குமேல் விழுந்தார்கள். தன்னால் இனி தனியாக முன்னேற முடியாது, நீங்கள்தான் வந்து சேர வேண்டும் என்று மன்றோவுக்கு ஓலை அனுப்பினார்.

பேரம்பாக்கத்துப் பீரங்கிச் சத்தம் காஞ்சி முகாமில் கேட்டது. ஒரு நாள் நடை தூரத்தில் தன் ஆட்கள் சாகிறார்கள் என்பது மன்றோவுக்குத் தெரியும். எழுந்து போயிருந்தால்? காஞ்சிக் கோயில் மதிலுக்குள் சேர்த்து வைத்த கொஞ்சம் தானியமும் கனமான பீரங்கிகளும் ஹைதரின் கையில் சிக்கும். சோறில்லாமல் படை எத்தனை நாள் நிற்கும்? மன்றோ நகரவில்லை. முழுப் படைக்குப் பதிலாக ஆயிரம் பேரை மட்டும் பெய்லிக்கு உதவியாக அனுப்பத் தீர்மானித்தார்.

ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருந்த படை மூன்றாகப் பிரிந்தது.

இருட்டில் மாறிய பாதை

செப்டம்பர் 8 இரவு, கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் ஆயிரம் பேர் ஓசையின்றிக் கிளம்பினார்கள். ஹைலேண்டர் ரெஜிமெண்டின் பொறுக்கியெடுத்த வீரர்களும் அதில் இருந்தார்கள். அவர்களின் கேப்டன் டேவிட் பெயர்ட். இந்தப் பெயரை மறக்காதீர்கள்; பத்தொன்பது ஆண்டு கழித்து, 1799-ல், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதிலின் இடிபாட்டில் வாளோடு ஏறப்போகிறவர் அவர்.

படைக்கு வழிகாட்ட ஹர்க்காராக்கள் முன்னே நடந்தார்கள். அவர்கள் ஹைதரிடம் கூலி வாங்கியவர்கள். எந்த வழியில் கூட்டிப்போனால் எங்கே வளைக்கலாம் என்பது முன்பே பேசி முடிக்கப்பட்டிருந்தது. பாதி வழியில் ஃபிளெட்சருக்குச் சந்தேகம் தட்டியது. சட்டென்று பாதையை மாற்றினார். சுற்று வழியாக நெல் வயல்களினூடே நடந்து, விடிந்தபோது ஒரு சேதமும் இல்லாமல் பேரம்பாக்கத்தில் பெய்லியோடு சேர்ந்துவிட்டார்.

ஹைதரின் கண்ணெதிரே ஆயிரம் பேர் நழுவிப் போய்விட்டார்கள். அவருடைய முகாமில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளுக்குக் கலக்கம். இது இருபுறத் தாக்குதலுக்கான ஏற்பாடு, மன்றோ முன்னாலிருந்தும் பெய்லி பின்னாலிருந்தும் நெருக்கப்போகிறார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். ஹைதரின் உளவாளிகள் கொண்டுவந்த சேதி வேறு: மன்றோ அசைவதாக இல்லை.

அது போதுமானதாக இருந்தது ஹைதருக்கு.

நிற்கச் சொன்ன உத்தரவு

செப்டம்பர் 9 இரவு. இப்போது பெய்லியிடம் 3,700 பேருக்குமேல் இருந்தார்கள். பேரம்பாக்கத்திலிருந்து காஞ்சி நோக்கி நடந்தார்கள். இருட்டில் திப்புவின் ஆட்கள் பக்கவாட்டிலிருந்து ராக்கெட்டுகளை வீசினார்கள், சுட்டார்கள். படை நடந்துகொண்டே இருந்தது. இன்னும் சில மணி நேர நடைதான். விடிவதற்குள் காஞ்சியின் கோபுரம் தெரிந்துவிடும்.

திடீரென்று பெய்லி நிற்கச் சொன்னார். விடிந்தபிறகு போகலாம் என்றார்.

அதிகாரிகள் திகைத்தார்கள். ஃபிளெட்சரிடம் போய்க் கேட்டார்கள். பெய்லி பேர்பெற்ற அதிகாரி, காரணம் இல்லாமல் செய்திருக்க மாட்டார் என்பதே அவருக்குத் தெரிந்த பதில். கொசஸ்தலையின் கரையில் இருட்டிவிட்டதென்று நின்ற அதே மனிதர், பதினைந்தே நாளில் இரண்டாம் முறையாக, விடியட்டும் என்று நின்றார்.

அந்த இரவில் தூங்காதவர்கள் இருவர். ஒருவர் திப்பு: பீரங்கிகளை முன்னால் நகர்த்திச் சாலையை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஹைதர்: மகனிடமிருந்து சேதி வந்ததும், மன்றோவுக்கு எதிரே நின்ற தன் பெரும்படையைச் சத்தமில்லாமல் வடக்கே திருப்பினார். மன்றோவின் முகாமுக்கு அது தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இந்த இரவின் விளைவு தளபதிகளோடு முடிந்துவிடவில்லை. போர் இழுத்துக்கொண்டே போகப் பஞ்சம் வந்தது. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி ஊற்றச் சென்னையில் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. வடசென்னையில் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னதன் மூலம் இங்கே இருக்கிறது. போருக்கு முன், 1767 முதல் 1774 வரை, பார்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். போருக்குப் பின் 1794-ல் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ் கண்டது உடைந்த ஏரிகளையும் குடியற்ற ஊர்களையும்தான். மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதையில் வரும் துரை இவரே. ஏரிகளைச் சீர்செய்யவே அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பாரிசில் 1783 செப்டம்பரில் அமெரிக்காவின் விடுதலைக்குக் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தில் தொண்டை மண்டலத்துக் குடியானவனுக்கு ஒரு வரியும் இல்லை. இந்த மண்ணின் வரலாற்றில் அவனுக்கு ஒரு இடம் தருவது நம் கடமை.

செப்டம்பர் 10 விடிந்தது. பெய்லி நடக்க உத்தரவிட்டார். எதிரே தெரிந்த ஊர் புள்ளலூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூர். படையின் நடுவே வெடிமருந்து ஏற்றிய வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஹைதரின் பீரங்கிகள் அவற்றைக் குறிவைத்திருந்தன.

(அடுத்த வாரம்: புள்ளலூர்)