கபிலனின் இரண்டாம் ரவுண்டு

1976 ஜனவரி 31. தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்ட நாள். பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யில் கபிலனும் வேம்புலியும் மோதும் குத்துச்சண்டை ஆட்டம் குலைவதும், ரங்கன் வாத்தியாரைப் போலீஸ் கொண்டுபோவதும் அந்தச் செய்தியை ஒட்டித்தான்.

காரைக்காலில் அன்று கலைப்பதற்கு ஆட்சியே இல்லை. 1974 மார்ச் 6-ல் நம் ஊர்க்காரர் எஸ். ராமசாமி புதுச்சேரி முதல்வரானார். அ.தி.மு.க. கண்ட முதல் முதல்வர் அவர்தான், எம்.ஜி.ஆர். கோட்டைக்குள் நுழைய 1977 ஆயிற்று. அதே மார்ச் 28-ல் அந்த ஆட்சி போனது. பிறகு 1977 ஜூலை வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், பேச்சு ஒன்று, சினிமா ஒன்று. ஆனால் அவசரநிலையை நாம் சட்டமன்றமே இல்லாமல் கடந்தோம். சார்பட்டாவைப் பார்க்கும் காரைக்கால்காரருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

கொரோனா காலம் என்பதால் 2021 ஜூலை 22-ல் படம் நேராக அமேசான் பிரைமில் வந்தது. வடசென்னையில் பார்த்த அன்றே காரைக்காலிலும், பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸில் குடியேறிய நம் குடும்பங்களிலும் பார்க்க முடிந்தது. சில நிமிடங்களே வரும் டான்சிங் ரோஸ், ஷபீர் கல்லரக்கலின் காலாட்டத்தால் கதாநாயகனுக்குச் சமமாகப் பேசப்பட்டான். எனக்கு அதைவிடப் பெரிது, குடித்து உடல் கெட்ட கபிலனைப் பீடி ராயப்பன் கடற்கரையில் மீட்டெடுக்கும் பகுதி. கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் வளர்ந்தவர்களுக்கு அந்த மணலும் அந்த உடலுழைப்பும் அந்நியமல்ல.

2023 மார்ச்சில் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. குத்துச்சண்டைப் படத்துக்கு இரண்டாம் பாகம் என்றதும் எல்லோருக்கும் ‘ராக்கி’ நினைவு வரும். 1976-ல் வந்த முதல் படத்தில் ராக்கி புள்ளிக்கணக்கில் தோற்றான். அந்தத் தோல்விதான் 1979-ன் தொடர்ச்சிக்கு உயிர் கொடுத்தது. 1982-ன் மூன்றாம் பாகத்துக்காகச் செய்த வெண்கலச் சிலையோடு படமெடுத்துக்கொள்ள இன்றும் பிலடெல்பியாவில் கூட்டம் நிற்கிறது. 1985-ன் நான்காம் பாகம் பனிப்போரையே கோதாவில் இறக்கியது. கபிலனுக்கு அந்த வழி கிடையாது. விழுந்ததும் எழுந்ததும் வென்றதும் முதல் படத்திலேயே முடிந்துவிட்டன. இன்னொரு வேம்புலியைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒரு வாரம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

மிச்சமிருப்பது வரலாறு. 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். முதல்வர் எம்.ஜி.ஆர். நேரில் வந்திருந்தார். துறைமுகத்தையும் ரயில்வேயையும் நம்பிப் பிழைத்த வடசென்னைக் குத்துச்சண்டைக் குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்! வெள்ளையர் நாட்டில் நிறவெறியை எதிர்த்து நின்ற, போருக்குப் போக மறுத்துப் பட்டம் இழந்து, மறுபடி அதை வென்ற ஒரு கறுப்பு வீரர் அவர்கள் ஊருக்கே வந்து நின்றார். சாதி ஒதுக்கிய ஒருவன் கையுறை மாட்டி மரியாதையை மீட்பதுதான் கபிலனின் கதை. அவனை அந்தக் கூட்டத்தில் ஒருவனாக உட்கார வைக்காமல் இரண்டாம் பாகம் எடுத்தால் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். முதல் படம் எம்.ஜி.ஆரின் விளையாட்டு ஆர்வத்தை மறைத்தது என்ற அ.தி.மு.க.வினரின் குறைக்கும் அந்த ஒரு காட்சியே நேர்மையான பதிலாக இருக்கும்.

படம் எப்போது வந்தாலும் வரட்டும். அலியின் ஆட்டத்தைப் பார்க்க 1980-ல் காரைக்காலிலிருந்து ரயிலோ பஸ்ஸோ ஏறியவர்களும், வேலைக்காகவோ படிப்புக்காகவோ அப்போது சென்னையில் இருந்தவர்களும் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதை இந்த வாரமே எழுதி அனுப்புங்கள். பழைய நுழைவுச்சீட்டோ புகைப்படமோ இருந்தால் அதன் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.