எல்கடுவையும் தேனீக் குடிகளும்

இன்று தேயிலைத் தோட்டங்கள் சூழ நிற்கும் எல்கடுவ முதலிய மாத்தளை மலைப்பிரதேசங்கள் கண்டி அரசர்களின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1660 முதல் ஏறக்குறையப் பத்தொன்பது ஆண்டுகள் அவ்விராச்சியத்தில் கைதியாயிருந்த இராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலிலே, மரப்பொந்துகளிலும் புற்றுகளிலும் வாழும் தேனீக்களை வாயால் ஊதி விலக்கி, கொட்டுக்கு அஞ்சாமல் வெறுங்கையால் அடைகளை எடுக்கும் குடிமக்களை வர்ணித்திருக்கிறார். தேன் எடுத்தார்கள், ஆனால் தேனீக் குடியை ஆள நினைக்கவில்லை. அதில் தவறென்ன? காடு விசாலமாயிருந்தது.

ஆள்வதற்கு மார்க்கம் பிறந்தது, 1851இல் அமெரிக்கப் போதகர் லாங்ஸ்ட்ராத், தேனீக்கள் மெழுகால் அடைக்காது விடும் இடைவெளியை உணர்ந்து, கழற்றி மாட்டும் சட்டங்களை அமைத்த பின்னரே. திருச்சிராப்பள்ளிக் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார் நம் சிறு தேனீக்கேற்ற பெட்டியைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். பிரிவதற்கு ஆயத்தமாகும் குடி, அடையின் விளிம்பில் இராணி அறைகளைக் கட்டும். அப்போது முதிர்ந்த அறையுள்ள சட்டத்தையும் புழு அடைகளையும் ஈக்களோடு வேறு பெட்டிக்கு மாற்றினால், பறந்துபோகும் கூட்டம் நம் முற்றத்திலேயே தங்கும்.

குடியைப் பிரிக்க மேலைநாட்டார் தம் பருவங்களுக்கேற்ப எழுதும் விதிகள் மாத்தளை மலைகளுக்குப் பொருந்தா. மழையும் பூவுமே இங்கே பஞ்சாங்கம். பூவற்ற மாதத்தில் குடியைப் பிரிக்காதீர்கள். பிரிந்த இரண்டு குடிகளும் பட்டினியால் பெட்டியை விட்டோடும்.