தேள் கடுப்பும் மூன்றாண்டுக் கணக்கும்

இன்றைய தர்மபுரியான தகடூரை ஆண்ட அதியமான்களின் பெயரைத் தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் சாலையில் உள்ள அதியமான்கோட்டை இன்றும் சுமந்து நிற்கிறது. அந்த மரபில் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 392ஆவதாக இருக்கிறது. விடியலில் வாசலில் வந்து பாடி நிற்பவரின் உடம்பில் பாசிவேர் போல் நைந்த கந்தல். அதைக் களையச் செய்து நுண்ணூல் ஆடை உடுத்திவிட்டு, கோள்மீன் போல் மின்னும் பொற்கலத்தில் மதுவை ஊற்றித் தருகிறான் எழினி. அந்த மதுவுக்கு ஔவை இரண்டே அடையாளம் சொல்கிறார்: பல நாள் வைத்திருந்து தெளிந்தது, தேள் கொட்டியதுபோல் கடுப்பது. விருந்தோம்பலைப் புகழும் பாட்டில் இந்தக் கடுப்பு குறையாக வந்திருக்க முடியாது. மதுவின் தரத்துக்கு அதுவே சான்று. கடுப்பைப் பக்குவக் குறைவாகப் பார்க்கும் இன்றைய மதிப்பீட்டுக்கு இது நேர் எதிர்.

அந்த மதிப்பீடு பெரும்பாலும் ஸ்காட்ச் விஸ்கியோடு வந்தது. முளைகட்டிய பார்லியை ஒரே ஆலையில் ஊறவைத்து, நொதிக்கவிட்டு, செப்புக் கலத்தில் வடித்தெடுப்பது சிங்கிள் மால்ட். வடித்த சாராயத்தைப் பெரும்பாலும் 63.5 சதவீத ஆல்கஹால் அளவில் ஓக் பீப்பாயில் இடுகிறார்கள். நான்கைந்து ஆண்டில் எடுத்துத் தண்ணீர் கலக்காமல் புட்டியில் அடைத்தால் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஒரு மிடறு வைத்ததுமே நாக்கு நுனி சுரீரென்கிறது. பார்லியின் இனிப்பு அதற்குப் பின்னால்தான் எட்டிப் பார்க்கிறது. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் எரிச்சல் அடங்கி மணம் மேலே வருகிறது. மிளகாயின் காரத்தை உணர்த்தும் அதே நரம்பு வாயிலை ஆல்கஹாலும் தூண்டுவதால், கொட்டுதல் என்ற உவமை உடலறிவுக்கும் பொருந்துகிறது. ஸ்காட்ச் வழக்கில் இந்தக் கொட்டு இளமையின் அடையாளம். வருடம் ஏற ஏறத் தணிய வேண்டியது. தகடூரிலோ நாள் ஏறித்தான் கொட்டு வந்திருக்கிறது.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பது நியாயம். சங்ககால மது நொதித்தது, வடித்ததன்று. ஆல்கஹால் பதினைந்து சதவீதத்தை நெருங்கும்போதே பெரும்பாலான ஈஸ்ட் ஓய்ந்துவிடும். ஆகவே ஔவை சொன்ன கடுப்பும் பீப்பாய் விஸ்கியின் கடுப்பும் அளவில் ஒன்றல்ல. ஆனால் முரணை விளக்குவதும் இதே வேறுபாடுதான். நொதிக்கும் பானத்தில் சர்க்கரை தீரும்வரை நாள் செல்லச் செல்ல இனிப்பு குறைந்து வீரியம் கூடும்; வடித்த சாராயத்தில் வீரியம் முதலிலேயே உச்சத்தில் இருக்க, மரமும் காலமும் அதைப் பதப்படுத்தும். காலம் ஒன்றில் கூர் தீட்டுகிறது, மற்றொன்றில் கூரை மழுக்குகிறது.

தேள் உவமை புலவர்களின் வாய்பாடுதானே என்றும் கேட்கலாம். சிறுபாணாற்றுப்படையில் அதே இடத்தில் சீறும் பாம்பு வருகிறது என்பதும் உண்மை. ஆனால் கேட்பவர்கள் எதை உயர்வாக நினைத்தார்களோ அதுதான் வாய்பாடாக நிலைக்கும். புளிப்பையோ தண்மையையோ அவர்கள் மேலாக மதித்திருந்தால் உவமை வேறாகியிருக்கும். உவமைகளுக்குப் பின்னால் செய்முறையும் தெரிகிறது. மூங்கில் குழாயில் இட்டு முதிரவைத்த தேன்மது திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாமிலும் வருகிறது. பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூறு 120, மண்ணில் புதைத்துப் பக்குவப்படுத்திய மதுவைச் சொல்கிறது. ஓக் பீப்பாய்க்கு வெகுகாலம் முன்பே இங்கே மதுவைக் காலத்தின் கையில் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது.

ஸ்காட்ச் விஸ்கியின் வயதுக் கணக்கை நாக்கு மட்டும் வகுக்கவில்லை. முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரிட்டன் கொண்டுவந்த சட்டம் குறைந்தது இரண்டாண்டு இருப்பு வைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டே அது மூன்றானது. குடியைக் கட்டுப்படுத்தும் போர்க்கால நோக்கம் அதில் இருந்தது. தட்பவெப்பம் இன்னொரு காரணம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. தர்மபுரி வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் வடக்கே உள்ள பெங்களூரின் அம்ருத் ஆலையில் அது 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2004இல் கிளாஸ்கோவில் அறிமுகமான அம்ருத் சிங்கிள் மால்ட், சில ஆண்டுகளே பீப்பாயில் இருந்து உலக மதிப்பைப் பெற்றது. இளமை, முதுமை என்பவை ஆண்டுக் கணக்கில் இல்லை. வெயிலிலும் மரத்திலும் இருக்கின்றன.

இது குடிக்கு வக்காலத்து ஆகாதா? கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழி இது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் தர்மபுரி அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். குடியின் கேட்டை மறுக்காமலே குடித்தவர்களின் சுவையறிவை ஆராயலாம். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று எழினியைப் பாடிய அதே பாட்டில் ஔவை சொல்கிறார். இன்று இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பவற்றில் ஒரு பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வருகிறது. கரும்பு இப்படி மதுவுக்குள் வந்து சேர்ந்த நாட்டில், மதுவை எடைபோட்ட சொல் இடம்பெயர்ந்துவிட்டது. கடுப்பு என்றால் இப்போது நீர்க்கடுப்பு, வயிற்றுக்கடுப்பு. இல்லையென்றால் யார்மீதோ வரும் எரிச்சல். பொற்கலத்தில் இருந்ததைப் பாராட்ட ஔவை எடுத்த சொல் அது.