மாமரம் பூத்தும் காய் பிடிக்கலையா? கொஞ்சம் ஈயையும் கவனிங்க!

ஜனவரியில் கிருஷ்ணகிரி பக்கம் போனால் சாலையின் இரண்டு புறமும் மாந்தோப்புகள் பூத்துக் குலுங்கும். இலையே தெரியாத அளவுக்குப் பூ. "இந்த வருஷம் நல்ல விளைச்சல்தான்" என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் ஏப்ரலில் அதே மரத்தைப் பார்த்தால், ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே பெரிய விஷயம். சில கொத்துகள் வெறும் குச்சியாக நிற்கும்.

நடுவில் என்ன ஆனது? குளிர், மழை, சாம்பல் நோய் என்று பல காரணங்கள் உண்டு. பலரும் கணக்கில் சேர்க்காத இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பூவுக்கு வர வேண்டிய பூச்சி வந்ததா?

ஆயிரம் பூவில் ஒரு காய்

ஒரு மாம்பூங்கொத்தில் சில நூறு பூக்கள் முதல் சில ஆயிரம் பூக்கள் வரை இருக்கும். அத்தனையும் காய்க்காது. காரணம், அதில் பெரும்பகுதி ஆண் பூக்கள். சூலகம் உள்ள இருபால் பூக்கள் மட்டும்தான் பிஞ்சாக முடியும். அந்த இருபால் பூவிலும் மகரந்தத்தாள்கள் ஐந்து இருந்தாலும், பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் வேலை செய்யும். கடைசி வரை நின்று பழுப்பது மொத்தப் பூவில் 1 சதவீதம்கூட இல்லை.

மாமரத்துக்குக் காற்றே போதும் என்று முன்பு பலர் நினைத்தார்கள். ஆனால் மாம்பூவின் மகரந்தம் கொஞ்சம் ஒட்டும் தன்மை கொண்டது. நெல், சோளம் போலத் தூளாகப் பறக்காது. பூங்கொத்தை வலை போட்டு மூடி, பூச்சி வராமல் தடுத்துச் சோதித்தால், திறந்திருக்கும் கொத்தைவிடக் காய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

இதில் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் உண்டு. வட இந்தியாவின் தசேரி, லங்ரா, சௌசா போன்றவை தன் ரகத்து மகரந்தத்தையே ஏற்காதவை. தோப்பு முழுக்க தசேரி மட்டும் இருந்தால் பூ நிறைய இருந்தும் காய் பிடிக்காது. அதனால்தான் நடுநடுவே பாம்பே கிரீன் போன்ற வேறு ரகம் வைக்கச் சொல்கிறார்கள். அந்த மரத்து மகரந்தத்தை இந்த மரத்துக்குக் கொண்டு வர யாராவது வேண்டுமே!

தேனீ இல்லைங்க, ஈ

மகரந்தச் சேர்க்கை என்றதும் நமக்குத் தேனீதான் ஞாபகம் வரும். மாம்பூவுக்கும் அடுக்குத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத் தேனீ எல்லாம் வருகின்றன. ஆனாலும் பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீக்கள் அங்கே போய்விடும். மாம்பூவில் தேனும் குறைவு, மகரந்தமும் குறைவு.

இங்கே முக்கியமான ஆள் ஈ. அழுகிய பொருளில் மொய்க்குமே, பச்சையும் நீலமுமாக மினுமினுக்கும் பெரிய ஈ, அதுவேதான். கூடவே சாதாரண வீட்டு ஈ, தேனீ மாதிரியே மஞ்சள் கறுப்புக் கோடு போட்டு அந்தரத்தில் நின்று பறக்கும் ஈ வகைகள். மாம்பூ ஆழமில்லாத சின்னப் பூ. தேன் மேலாகவே இருக்கும். நீளமான நாக்கு தேவையில்லை. ஈ கொத்து முழுக்க நடந்து நக்கிக்கொண்டே போகும்போது, உடம்பின் ரோமத்தில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது.

இதைத் தெரிந்துகொண்டு மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில் சில விவசாயிகள் பூக்கும் நேரத்தில் மீனைத் தோப்பில் தொங்கவிடுகிறார்கள். நாற்றம் தாங்காது, ஆனால் ஈ வரும்! தைவானில் மாந்தோப்புக்காகவே இந்த ஈக்களை வளர்த்து விடுகிறார்கள்.

எல்லாப் பழத்துக்கும் இப்படியா?

இல்லை. நாம் சாப்பிடும் வாழைக்கு மகரந்தச் சேர்க்கையே வேண்டாம். சீத்தாப்பழத்துக்குச் சின்ன வண்டுகள் வேண்டும். அவை வராத இடங்களில் ஆட்கள் தூரிகையால் மகரந்தம் தடவுகிறார்கள். மலேசிய எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலும் முன்பு இதே கைவேலைதான். 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டு வந்து விட்ட பிறகு அந்த வேலை தேவைப்படவில்லை.

மருந்தடிப்பில்தான் சிக்கல்

மாம்பூ வரும்போதே தத்துப்பூச்சியும் வரும். பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, பிசுபிசுப்பான திரவத்தைக் கழிக்கும். அதில் கரும்பூசணம் படரும். கவனிக்காமல் விட்டால் பூ மொத்தமும் கருகிவிடும். அதனால் விவசாயி மருந்தடிப்பதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பூ விரிந்து நிற்கும்போது அடிக்கும் மருந்துக்குத் தத்துப்பூச்சி எது, ஈ எது என்று தெரியாது.

பல இடங்களில் பூ வந்ததுமே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். குத்தகைதாரருக்கு இந்த ஒரு பருவம்தான் கணக்கு. போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில், பூச்சி இருக்கோ இல்லையோ, வாரம் தவறாமல் அடிப்பவர்களும் உண்டு. கடைசியில் மருந்துச் செலவும் ஏறுகிறது, காய் பிடிப்பும் குறைகிறது.

"அப்போ சாயங்காலம் அடிச்சா போதுமா?" ஓரளவு உதவும். மாம்பூக்கள் பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் விரியும். பூச்சிகள் காலை நேரத்தில்தான் அதிகம் வரும். ஆனால் இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்துகள் செடிக்குள் ஊடுருவி மகரந்தம், தேன் வரை போகக்கூடியவை. தேனீக்களுக்கு ஏற்படும் பாதிப்பைக் காரணம் காட்டி, இதையும் இதே வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டு மருந்துகளையும் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது.

தத்துப்பூச்சிக்கான மருந்தை பூங்கொத்து துளிர்க்கும்போதே, மொட்டு விரிவதற்கு முன் அடித்துவிடுவதுதான் பாதுகாப்பான வழி. பூ விரிந்த பிறகு, கொத்தைத் தட்டிப் பார்த்து, தத்துப்பூச்சி உண்மையிலேயே நிறைய இருந்தால் மட்டும் அடிக்கலாம். சாணக்குழியும் எருக்குழியும் தோப்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஈக்கள் தானாகவே பெருகும். வரப்பில் துளசி, கொத்தமல்லி பூத்து நின்றால், மாம்பூ இல்லாத மாதங்களிலும் அந்தப் பூச்சிகளுக்குச் சாப்பாடு கிடைக்கும்.

வீட்டில் ஒற்றை மாமரம் வைத்திருப்பவர்கள் பூக்கும் காலத்தில் ஒருநாள் காலை எட்டு மணி வாக்கில் மரத்தடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கொத்தில் ஈ மொய்த்தால் விரட்டாதீங்க!