காணாதார்க்கு ஒரு சொல்

படத்தைக் கண்டவர் சொல்கின்றார். காணாதவர் கேட்டு நம்புகின்றார். சொன்னது மெய்யோ பிழையோ என்று ஒத்துப் பார்க்கக் கேட்டவரால் இயலாது. ஆதலின் அப்பொறுப்பு முழுவதும் சொல்பவரையே சாரும். இணையப் படவிளக்கத்தின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.

தொடக்கத்தில் இணையப் பக்கங்கள் பெரும்பாலும் எழுத்தாகவே இருந்தன. 1993 பிப்ரவரியில் மார்க் ஆண்டிரீசன் என்னும் அமெரிக்கர், பக்கத்தினிடையே படம் பதிக்கும் முறையொன்றை முன்மொழிந்தார். படங்கள் பெருகின. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்தைக் குரலாக்கித் தருவது. விளக்கமில்லாப் படத்தைப் பற்றி அதனால் பயனுள்ள எதையும் சொல்ல இயலாது. 1995இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பில், படத்துக்கு ஈடாக ஒரு மாற்றுரை எழுத இடமளிக்கப்பட்டது. படம் காட்ட இயலாத கணினிகளுக்கும் பயன்பட்ட அவ்விடமே பார்வையற்றோர்க்கும் வழியாயிற்று. 1997இல் வந்த நான்காம் பதிப்பு அம்மாற்றுரையைக் கட்டாயமாக்கிற்று.

விதி பிறந்தது, செயலோ பின்தங்கிற்று. சிட்னி ஒலிம்பிக் போட்டியின் இணையத்தளமே இதற்குச் சான்று. புரூஸ் மகுவையர் என்னும் பார்வையற்ற ஆஸ்திரேலியர், அத்தளத்துப் படங்களுக்கு விளக்கமின்மை முதலிய குறைகளை எடுத்துக்காட்டி, 1999இல் அந்நாட்டு மனித உரிமை, சமவாய்ப்பு ஆணையத்திடம் முறையிட்டார். குறைகளைக் களையுமாறு 2000 ஆகஸ்டில் ஆணையம் தீர்ப்பளித்தது. போட்டி அமைப்புக் குழு அதனை முழுமையாக நிறைவேற்றவில்லை. நவம்பரில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டபோது போட்டியே முடிந்துவிட்டிருந்தது.

பின்னர்ச் சமூக ஊடகங்கள் எழுந்தன, படமிடுவோர் கோடிக்கணக்காயினர். 2016 மார்ச்சில், அந்நாளில் டுவிட்டர் எனப்பட்ட தளம், பதிவிடுவோரே படவிளக்கம் எழுத வகைசெய்தது. ஆயினும், 2019இல் வெளியான கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படத்தோடு கூடிய 10 இலட்சத்து 90 ஆயிரம் பதிவுகளை நோக்கியபோது, விளக்கமுடையவை ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தன.

2016 ஏப்ரலில் முகநூல் இப்பணியை இயந்திரத்திடம் ஒப்புவித்தது. படத்தில் இன்னின்ன இருக்கலாம் என்று அது ஊகித்துக் கூறிற்று. உதவி பெரிதே, எனினும் ஊகம் ஊகமே அன்றோ? 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கவலைக்குரிய உண்மையொன்றைக் காட்டியது. இயந்திர விளக்கம் பதிவின் சொற்களோடு பொருந்தாதபோதும் பார்வையற்றோர் அதனை ஐயுறாமல், இடையே இல்லாத செய்திகளைத் தாமே கற்பித்துப் பொருத்திக்கொண்டனர். பிழையான விளக்கம் வெற்றிடத்தினும் தீங்கானது என்பது இதனாற் புலப்படும். வெற்றிடம் ஐயத்தை எழுப்பும்; பிழையோ நம்பிக்கையைப் பெற்றுவிடும்.

இக்காலத்துப் பள்ளி விழா அழைப்புகள் பல படமாகவே பரப்பப்படுகின்றன. நாளும் நேரமும் இடமும் படத்துக்குள் அடங்கிவிட, விளக்கத்தில் “அழைப்பிதழ்” என்ற ஒரு சொல் மட்டும் நின்றால், பார்வையற்ற தந்தை ஒருவர் தம் மகள் பரிசு பெறும் நாளை எவ்வாறு அறிவார்?

சரிபார்க்கும் முறை எளிதே. படத்தைக் கையால் மறைத்து விளக்கத்தை மட்டும் படித்தல் வேண்டும். பதிவின் கருத்து விளங்குகின்றதா, படத்திலுள்ள எழுத்தெல்லாம் வந்துள்ளதா, இல்லாத ஒன்று ஏறியுள்ளதா என்று நோக்குதல் வேண்டும். இயந்திரம் எழுதியதாயின் இருமுறை நோக்குதல் நன்று. மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர்க்கு இது புதிய தொழிலன்று. அக்கட்டுரையில் எஞ்சும் பிழையைப் பிறர் கண்டு திருத்தக்கூடும். படவிளக்கத்தில் எஞ்சும் பிழையை, அதனை நம்பியிருப்பவர் காணவே இயலாது.