எந்த ஜென்மத்துப் பாவம்?

என் ஆயாவுக்குப் பத்தொன்பது வயதில் தாலி அறுத்தார்கள். அது 1940களின் நடுவில், திருவதிகையில். பதினாறாம் நாள் முடிந்து வெள்ளைச் சேலையோடு திண்ணை மூலையில் குந்தியிருந்தவளைப் பார்த்துத் தெருவே ஒரு வாக்கியத்தைச் சொன்னது: "எந்த ஜென்மத்துல பண்ண பாவமோ!" துக்கம் கேட்க வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பாவம் என்ற சொல் தமிழில் இரக்கமாகவும் இருக்கிறது, குற்றச்சாட்டாகவும் இருக்கிறது. 'ஐயோ பாவம்' என்று ஒருத்தியைப் பார்த்துச் சொல்லும்போது இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது.

சில மாதங்கள் கழித்து அந்தத் திண்ணைக்கு ஒரு பைபிள் உமன் வந்தார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து கெடிலத்து மணலைக் கடந்து, புதன்கிழமைகளில் குடை பிடித்து நடந்து வருவார். ஆயா கடைசிவரை அவரை 'டீச்சரம்மா' என்றுதான் சொன்னாள். டீச்சரம்மா முதல் நாளே எல்லா மனிதருக்கும் ஜென்ம பாவம் உண்டு என்று சொல்லியிருக்கிறார். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைச் சொல்லத்தான் அவ்ளோ தூரம் நடந்து வந்தீங்களா? இதைத்தான் எங்க நாத்தனாளும் சொல்றா!" டீச்சரம்மா சிரித்தாராம். "உங்க நாத்தனாருக்கும் இருக்கு. எனக்கும் இருக்கு. எங்க ஐயருக்கும் இருக்கு. எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த 'ஒரே அளவு'தான். ஆயா மதம் மாறவில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் அவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட பிறகு நன்றாகத் தூங்கியதாக என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜென்ம பாவம் என்ற ஒரே தொடர் இரண்டு வேறு உலகங்களைச் சுமக்கிறது. எங்கள் தெருவில் அது முற்பிறவிக் கணக்கு. அவரவர் செய்ததற்கு ஏற்ப அவரவருக்கு வரும், ஒருத்தி விதவையானால் கணக்கு அவளுடையது. தேவாலயத்தில் அது ஆதாம் ஏவாளிடமிருந்து மனித குலம் முழுவதற்கும் வந்து சேர்ந்த பொதுக் கடன். பிறந்த குழந்தைக்கும் உண்டு, பேராயருக்கும் உண்டு. கடன் பொதுவானதாகிவிட்டால் ஒருத்தியை மட்டும் மூலையில் உட்கார வைக்க முடியாது. முதலில் பழத்தைப் பறித்தவள் ஏவாள் என்பதை வைத்துத் திருச்சபை நெடுங்காலமாகப் பெண்களை வாயடைத்திருக்கிறது, அது உண்மை. பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கான முதல் நிருபத்தில், பெண் உபதேசம் செய்யக் கூடாது என்பதற்குக் காரணமாக ஏவாள் ஏமாந்த கதைதான் காட்டப்படுகிறது. ஆனாலும் 1940களில் திண்ணை மூலையில் குந்தியிருந்த பெண்ணின் காதில் ஏவாள் விழவில்லை. நாத்தனாருக்கும் உண்டு என்பதுதான் விழுந்தது.

பாவம், தண்டனை, ஒருவரை இன்னொரு நெறிக்குத் திருப்புவது எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழின் மிகப் பெரிய மதமாற்றக் கதை திருவதிகையில்தான் நடக்கிறது, நடத்தியவள் ஒரு பெண். திருவாமூரில் பிறந்த திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். உயிரை விடத் துணிந்தவள் தம்பி மருள்நீக்கியாருக்காக வாழ்கிறாள். அந்தத் தம்பி பாடலிபுத்திரத்துக்குப் போய்ச் சமணத்தில் தருமசேனராகிறார். அக்கா அதிகை வீரட்டானத்தில் அலகிடுவதும் மெழுகுவதும் மாலை கட்டுவதுமாக இருந்துகொண்டு, தம்பியை மீட்டுத் தரச் சொல்லி இறைவனிடம் முறையிடுகிறாள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் கதையில் தம்பியின் சூலை நோய் தற்செயலானதல்ல, அந்த முறையீட்டுக்கு வந்த பதில். வலி தாங்காமல் இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தவரின் கையில் அவள் திருநீற்றைக் கொடுக்கிறாள். குற்றம், அதற்கு நோயாக வந்த தீர்ப்பு, மன்னிப்பு, திரும்புதல் எல்லாமே அதில் இருக்கின்றன. அவர் அப்பராகித் தமிழ்நாடு முழுக்க நடந்தார், பாடினார். அவளோ மெழுகிய தரையிலேயே நின்றுவிட்டாள்.

சமணர்களின் பக்கத்திலிருந்து இக்கதையை எழுத யாரும் மிஞ்சவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்த கற்களால் பல்லவ மன்னன் எங்கள் ஊரில் குணபரவீச்சரம் கட்டினான் என்று பெரிய புராணமே பெருமையோடு சொல்கிறது.

எங்கள் வட்டாரத்துக்குக் கிறிஸ்தவ மிஷன் வந்ததற்குப் பின்னாலும் ஒரு சண்டை உண்டு. பண்ருட்டியிலிருந்து கடலூர் போகும் ரயிலில் அடுத்து வரும் சிற்றூர் மேல்பட்டாம்பாக்கம். அங்கே 1860களின் தொடக்கத்தில் வந்து அமர்ந்தவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். தரங்கம்பாடியின் பழைய மரபை ஏற்று நடத்திய லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதி வழக்கங்களை அந்த மிஷன் பொறுத்துப்போனதை ஏற்காமல் வெளியேறினார். சாதி பாவமா, வெறும் ஊர் வழக்கமா என்பதே பிணக்கு. பாவம் என்றார் ஓக்ஸ். பிறகு டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு சேர்ந்துகொண்டது. தென்னாற்காட்டில் டேனிஷ் மிஷன் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் எழும்பியதும், கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை பிறந்ததும் அந்த வழியில்தான்.

பாவத்துக்குப் பட்டியல் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே பெண்களுக்கு எப்போதும் முக்கியமாக இருந்திருக்கிறது. இதற்குத் திருநெல்வேலிப் பக்கம் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. தஞ்சாவூரில் மராத்தி பிராமணக் குடும்பத்து விதவை ஒருத்தி, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தாள். அவரிடமிருந்தே கிறிஸ்தவத்தை அறிந்து, ஞானஸ்நானம் கேட்டாள். மணமாகாமல் கூடி வாழ்வதைக் காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். கூடி வாழ்ந்தவர்கள் இருவர். வாசலில் நிறுத்தப்பட்டவள் அவள், ஏற்கெனவே உள்ளே இருந்தவர் அவர். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல், பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனாள். 1785இல் அங்கே அவள் கட்டிய கோயிலை மக்கள் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். திருநெல்வேலிச் சபையின் முதல் பதிவேட்டில் முதல் பெயர் அவளுடையது.

திலகவதியாரையும் குளோரிந்தாவையும் என் டீச்சரம்மாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. டீச்சரம்மாவும் விதவைதான், பைபிள் உமன்களில் பலரும் அப்படித்தான். நம் ஊரில் தாலி இல்லாதவளுக்குத்தான் தெய்வத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு தெருவில் நடக்கும் உரிமை கிடைத்திருக்கிறது. அதுவும் தெருவோடு சரி. வீடு வீடாகச் சுவிசேஷம் சொல்லலாம், எழுத்தறிவிக்கலாம், எத்தனை வீடு, எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்கு எழுதிக் கொடுக்கலாம். பிரசங்க பீடம் ஏற முடியாது. தென்னிந்தியத் திருச்சபையே பெண்களுக்குக் குருப்பட்டம் தர முடிவெடுத்தது 1980களில்தான்.

கேட்பவரின் மனத்தைப் புண்படுத்தாமல் சுவிசேஷம் சொல்ல முடியுமா? தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து முதன்முதலில் வந்த தமிழ் வெளியீடுகளில் ஒன்றின் தலைப்பு 'அக்கியானம்'. 1713இல் சீகன்பால்கு எழுதியது. நம் முன்னோரின் வழிபாட்டைத்தான் அந்தச் சொல் குறித்தது. அதே சீகன்பால்கு தரங்கம்பாடியில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் என்பதையும் மறுக்க முடியாது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, இதே தென்னாற்காட்டில் இரண்டு டேனிஷ் பெண்கள் அந்தக் கேள்வியைத் தங்கள் மிஷனிடமே கேட்டார்கள். அன்னா மரியா பீட்டர்சன் 1909இல் ஆசிரியையாக வந்தவர். எஸ்தர் ஃபேரிங் அவருக்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்தவர். 1917இல் இருவரும் வடக்கே பயணம் போய் அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்தைப் பார்த்தார்கள். அதன்பின் எஸ்தருக்கும் காந்திக்கும் இடையே கடிதங்கள் ஓடின. மிஷன் முகம் சுளித்தது. ஆங்கிலேய அரசு சந்தேகக் கண் வைத்தது. மிஷன் பள்ளிகளில் இந்தியப் பெண் குழந்தைகள் தம் மண்ணுக்கே அந்நியராக வளர்கிறார்கள் என்பது பீட்டர்சனின் ஆதங்கம். 1920 வாக்கில் இருவரும் மிஷனை விட்டு வெளியேறிவிட்டார்கள். மிஷனைத்தான் விட்டார்கள், கிறிஸ்துவை விடவில்லை. பரங்கிப்பேட்டையில் பீட்டர்சன் தொடங்கிய சேவா மந்திர் பெண்கள் பள்ளிக்கு 1921இல் அடிக்கல் நாட்டியவர், மதமாற்றப் பிரச்சாரத்தைக் கடுமையாகக் கண்டித்துவந்த காந்தி. பீட்டர்சன் கதர் உடுத்தி அங்கேயே வாழ்ந்து 1951இல் அங்கேயே இறந்தார்.

ஒரு முறை அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் கிழக்கே போனால் கடற்காற்று அடிக்கும் சிறிய ஊர். சுவிசேஷம் சொல்வது என்றால் ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து முப்பது வருஷம் எழுந்திருக்காமல் இருப்பது என்று அந்த அம்மாள் நினைத்திருப்பாரோ என்று தோன்றியது. அப்படி அவர் எழுதியிருக்கிறாரா என்று தேடவில்லை, என் ஊகம்தான்.

எனக்கு வாய்த்த சுவிசேஷம் வேறு மாதிரி. அப்பாவுக்கு நெய்வேலியில் வேலை. டவுன்ஷிப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகவே வளர்ந்தோம். பதினோரு வயதில் ஒரு தோழி என்னை விடுமுறை வேதாகம வகுப்புக்கு அழைத்துப் போனாள். எந்தச் சபை என்பது இங்கே வேண்டாம். பேசியவர் நியாயத்தீர்ப்பு நாளை வர்ணித்தார். அவியாத அக்கினி, பல் கடிப்பு. ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கு அதுதான் என்றார். "எங்க ஆயாவும் அங்கதான் போவாங்களா?" என்று தோழியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் அழுதாள். நானும் அழுதேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வர்ணனையைச் செய்தவர், மத்தேயு சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. அங்கேயும் நியாயத்தீர்ப்பு வருகிறது, அக்கினியும் வருகிறது. ஆனால் சிங்காசனத்தில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பவை. பெரியவளான பிறகு நானாகத்தான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். வாசித்தது ஆயாவின் தகரப் பெட்டியில் கிடந்த சுவிசேஷப் பிரதியில். டீச்சரம்மா எழுத்துக் கற்றுத் தந்த புத்தகம் அதுதான். ஓரங்களில் ஆயா தன் பெயரை எழுதி எழுதிப் பழகியிருந்தாள்.

தண்ணீர் என்று வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டீச்சரம்மா சேரியில் பிறந்தவர். நாலு வருஷம் புதன்கிழமை தவறாமல் வந்தவரை ஆயா ஒரு நாளும் நடைக்குள் கூப்பிட்டதில்லை. மூலையில் உட்கார வைக்கப்பட்டவள், தனக்குக் கீழே இன்னொரு மூலை வைத்திருந்தாள். தன் கடைசி வருஷத்தில், நான் கேட்காமலே, ஒரு மத்தியானம் சொன்னாள்.

"வெயில்ல வருவாங்க. தண்ணி கேப்பாங்க. சொம்புல குடுத்ததில்லடி. ஒசரத்துலேருந்து ஊத்துவன்."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"கையை ஏந்திக் குடிச்சாங்க. மொகத்தத் தொடச்சிக்கிட்டு, நேத்து எது வரைக்கும் படிச்சன்னு கேட்டாங்க."